வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல்

மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வந்த என் மனைவி சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "போற எடத்துல யார்கிட்டயும் கத்தாதீங்க. அது உங்க காலேஜ் இல்ல." ஓவியக் கல்லூரியில் ஆயுசில் பாதியைப் பாடம் நடத்தியே கழித்தவன் நான். கத்தாமல் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. ஆனாலும் சமர்த்தாகத் தலையாட்டினேன்.

நியூவர்க்கில் இறங்கி ஒரு மணி நேரம்கூட அந்த வாக்கு நிற்கவில்லை. சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, பருப்புப் பொடிப் பொட்டலத்தை எடுத்து, முகர்ந்து பார்த்து, பலமாகத் தும்மினார். "இது என்ன, மருந்தா?" என்றார். சாப்பாடு என்றேன். "எப்படிச் சாப்பிடுவீர்கள்?" என்று அடுத்த கேள்வி. பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்தே வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? "வாயால்தான்" என்று கத்தினேன். பக்கத்து வரிசையில் நின்ற ஒரு ஆந்திராக் குடும்பம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டுப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். சண்டைக்குத் தயாராக நின்றவனுக்கு அதுவே பெரிய ஏமாற்றம்.

அந்தப் பொடி எனக்கில்லை. டெக்சாஸில், பிளானோவில் இருக்கும் என் தங்கை வசந்தியைப் பார்க்கத்தான் வந்தேன். வழியில் நியூ ஜெர்சியில் இரண்டு நாள் தங்கப்போகிறேன் என்றதும் போனிலேயே ஒரு வேலை வைத்துவிட்டாள். "அண்ணா, மார்த்தா ஆன்ட்டிக்கு ஒரு கிலோ பருப்புப் பொடி குடுத்துட்டு வந்துடு. ப்ரெட்ல பட்டர் தடவி, மேல அதைத் தூவித்தான் சாப்பிடுவாங்க." மார்த்தா பிளானோவில் இவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். டச்சுக்காரக் கிழவி, எண்பதைத் தாண்டியவர். வசந்தியும் அவள் கணவன் முரளியும் ஆபீஸ் போனால், பள்ளி விட்டு வரும் அவர்கள் பெண்ணை, அவள் வெளியூர்க் கல்லூரிக்குப் போகும்வரை, பல வருடம் பார்த்துக்கொண்டவர். போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்துபோக, மகன் நியூ ஜெர்சிக்குக் கூட்டிவந்து ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான்.

முதல் நாள் எடிசனில் என் பழைய நண்பன் சுந்தர் வீடு. சாயங்காலம் ஓக் ட்ரீ ரோடுக்குக் கூட்டிப்போனான். பட்டுப்புடவைக் கடை, நகைக்கடை, பானிபூரிக் கடை என்று பாண்டி பஜார் மாதிரிதான் இருந்தது, கூட்டம் மட்டும்தான் காருக்குள்ளேயே இருந்தது. ஓட்டலில் மசாலா தோசை முழங்கை நீளத்துக்கு வந்தது. உள்ளே இருந்த உருளைக்கிழங்கு சில்லென்று இருந்தது. சாம்பாரில் சர்க்கரை! "யாருக்குப் பயந்துடா சாம்பார்ல சர்க்கரை போடறானுங்க?" என்றேன். சுந்தர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசுடா, ஓனர் நம்ம அசோசியேஷன் பிரசிடென்ட்" என்றான். சர்க்கரைச் சாம்பாரைக் குடித்தபடி அந்த ஓனர் நல்ல மனிதர் என்று வேறு நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் சுந்தருக்கு மீட்டிங். வாடகைக் காரை போனிலேயே வரவழைத்து என்னை ஏற்றிவிட்டான். ஓட்டுநர் என்னை முதியோர் இல்லத்தின் பின்வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கதவு பூட்டியிருந்தது. முன்வாசலுக்குப் போக வேண்டுமென்றால் சாலையைச் சுற்றி நடக்க வேண்டும். சாலையில் நடைபாதையே கிடையாது. சென்னையில் வழி தெரியவில்லை என்று நின்றால் நாலு பேர் நாலு திசை காட்டுவார்கள், நாலும் தப்பாகவே இருந்தாலும் பேச ஆளாவது உண்டு. இங்கே கேட்க ஒரு ஈ காக்கை இல்லை. புல்லிலும் சேற்றிலும் கால் வைத்து நடந்தேன். ஒரு போலீஸ் கார் பக்கத்தில் வந்து நின்றது. "ஐயா, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டார் உள்ளேயிருந்த பெண். ஒரு மனுஷன் நடந்து போனால் இந்த ஊரில் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். முன்வாசல் வரை அவர்தான் கொண்டுபோய் விட்டார். மார்த்தா அறை ஜன்னல் வழியாக நான் போலீஸ் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறார். அதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

"வசந்தியின் அண்ணன் கோபக்காரர் என்று தெரியும். வந்த மறுநாளே கைதாவார் என்று நினைக்கவில்லை" என்றார். பொட்டலத்தை அங்கேயே பிரித்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். நான் என்ன பாடம் நடத்தினேன் என்று விசாரித்தார். ஓவியம், அதிலும் போருக்குப் பிந்திய ஐரோப்பிய ஓவியம் என்றேன். "அப்படியானால் என் அப்பாவைத் தெரிந்திருக்குமே" என்று சாதாரணமாக ஒரு பெயரைச் சொன்னார்.

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். பெயரை எழுத வேண்டாம் என்று மார்த்தா கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. சாம்பல், கரி, சுண்ணாம்பு மூன்றையும் கொத்தனார் கரண்டியால் அப்பிச் சுரண்டி, சுவர் மாதிரியே ஓவியங்கள் செய்தவர். உருவம் கிடையாது, கதை கிடையாது. ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கான்வாஸ் துணியை வெறுமையாக விட்டிருப்பார். எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு கிழிந்த புத்தகத்தில் அவருடைய ஒரே ஒரு படம் உண்டு, அதுவும் கறுப்பு வெள்ளையில், தீப்பெட்டி அளவில். அதை வைத்துக்கொண்டுதான் வருடா வருடம் ஒரு வகுப்பு எடுத்தேன். அந்த வெறும் இடம் மௌனம், மறுப்பு, சூன்யம் என்றெல்லாம் பிள்ளைகளிடம் முழங்கியிருக்கிறேன்.

"சூன்யமா? அது எங்கள் வீட்டு ஜன்னல்" என்றார் மார்த்தா. ராட்டர்டாமில் குண்டு விழுந்தபோது அவர் கைக்குழந்தை. குடும்பம் திரும்பி வந்து பார்த்தால் தெருவே இல்லை. அவர்கள் வீட்டில் ஒற்றைச் சுவர் மட்டும் நின்றிருக்கிறது, நடுவில் ஜன்னல் இருந்த ஓட்டையோடு. அதன் வழியாக வானம் தெரிந்தது என்று அம்மா சொல்லித்தான் இவருக்குத் தெரியுமாம். "அந்த இடத்தில் வண்ணம் வைக்க எனக்கு உரிமையில்லை என்பார் அப்பா. கடைசியாகச் செய்ததை என்னிடம் கொடுத்தார். எந்த ஊரில் இருந்தாலும் நாங்கள் சாப்பிடுகிற அறையில்தான் அது மாட்டியிருக்கும். என்னை இங்கே கூட்டிவந்தபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று என் மகன் அதை வாடகைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டான். சண்டை போட்டுப் பிடுங்கி வசந்திக்கு அனுப்பினேன். எனக்குத் தெரிந்து எப்போதும் யாராவது சாப்பிட்டுக்கொண்டே இருக்கிற வீடு அது ஒன்றுதான்."

அந்த ஓவியரின் அசல் ஓவியம் என் தங்கை வீட்டில் இருக்கிறது, அவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை! மார்த்தாவுக்கும் ஒரு குறை இருந்தது. "படம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அழகாக இருக்கிறது ஆன்ட்டி என்கிறாள். போட்டோ மட்டும் அனுப்புவதில்லை. இனி நான் அங்கே போகப்போவதில்லை. அது சுவரில் இருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். நீங்களாவது காட்டுங்கள்." சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீடியோ கால் செய்ய வசதியாக என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் டல்லஸ் விமானத்தில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, புயல் என்று சொல்லிக் கிளப்பவே இல்லை. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சாப்பிட ஒரு சின்ன உப்புப் பிஸ்கட் பொட்டலம், அதுவும் இரண்டாவது கேட்டால் முறைக்கிறார்கள். நம்மூர் பாசஞ்சர் ரயில் நடுக்காட்டில் நின்றால்கூட ஒருவன் சுண்டலோடு ஏறிவிடுவான். மற்ற நாளாக இருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்றைக்கு என் நினைப்பு முழுவதும் அந்தச் சுவரில் இருந்ததால் ஒன்றும் பேசாமல் இருந்தேன்.

முரளி வந்து கூட்டிப்போனார். மேலே ஒரு பாலம், அதற்கு மேலே ஒரு பாலம் என்று டோல்வேயில் ஏறி இறங்கி வீடு போய்ச் சேர்ந்தோம். நுழைந்ததும் நான் ஹால் சுவரைத்தான் பார்த்தேன். சாப்பாட்டு மேஜைக்கு எதிரே ஏழு வெள்ளைக் குதிரைகள், பளபளவென்று, அலைகளுக்கு மேல் பாய்ந்துகொண்டிருந்தன.

"மார்த்தா குடுத்த படம் எங்கம்மா?" என்றேன்.

"அது உள்ள இருக்குண்ணா. மொதல்ல கை கழுவிட்டு வா, வத்தக்குழம்பு வெச்சிருக்கேன்."

வத்தக்குழம்பு அபாரம். அதற்காக அன்றைக்கு விட்டுவிட்டேன்.

காலையில் முரளி மளிகை வாங்கக் கிளம்பினார். காரில் ஏற நானும் கராஜுக்குள் போனேன். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கார் டயருக்கடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் கிடந்தது. காருக்குச் சந்தனம் குங்குமம், புல்வெட்டும் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம், ட்ரெட்மில்லுக்கு, ஃப்ரீசருக்கு, வாட்டர் ஹீட்டருக்கு. அந்த ஹீட்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், சுவரில் சாய்த்து, அது நின்றுகொண்டிருந்தது. சாம்பலும் கரியுமாக, நான் நினைத்ததைவிடப் பெரியதாக, கண் கலங்கும்படி அவ்வளவு அழகாக. அதன் வெறும் இடத்தில், சரியாக நடுவில், சந்தனத்தை வட்டமாக அப்பி அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது.

"வசந்தீ!" என்று கத்தினேன் பாருங்கள், தெருவில் ஒரு நாய் குரைத்தது.

ஓடி வந்தாள். "என்னண்ணா, பாம்பா?"

"யாருடி இதுல பொட்டு வெச்சது?"

"நான்தான். கராஜ்ல இருக்கற எல்லாத்துக்கும் வெச்சேன், அதுக்கு மட்டும் வெக்கலன்னா பாவமா இருக்காதா? நடுவுல கரெக்டா எடம் வேற விட்டிருந்தாங்க. பொட்டு வெக்கத்தான்னு நெனச்சேன்."

அதற்குமேல் நான் என்ன கத்தினேன் என்று எழுத முடியாது, அம்மா அப்பா பெயரெல்லாம் வந்தது. ஏன் கராஜில் கிடக்கிறது என்று கேட்டபோது அவளும் கத்தினாள்.

"ஹால்லதாண்ணா மாட்டியிருந்தோம்! மாட்டிப் பத்து நாள் ஆகல, இவருக்கு வேல போச்சு. க்ரீன் கார்டு இன்னும் வரல. ரெண்டு மாசத்துல வேற வேல கெடைக்கலன்னா மூட்ட கட்டணும். இந்த வீடு என்னாகும், பொண்ணு படிப்பு என்னாகும்? எத்தன நாள் தூங்காம இருந்தோம்னு உனக்குத் தெரியுமா? வேளச்சேரி வாஸ்துக்காரர் வீடியோ கால்ல பாத்துட்டு, மொதல்ல அந்தக் கறுப்புப் படத்த எறக்குங்கம்மான்னார். எறக்கினோம், குதிர மாட்டினோம், ஆஃபர் வந்துது. நான் என்ன பண்ணட்டும்?"

"அந்தக் கம்பெனி ஒரு மாடியையே காலி பண்ணி அனுப்பிச்சானே. அத்தன பேர் வீட்லயும் கறுப்புப் படமா மாட்டியிருந்துது?"

நின்றால் அடித்துவிடுவேனோ என்று பயந்து வெளியே கிளம்பினேன். பின்னாலேயே, குடியிருப்புக்கு நடுவில் ஒரு குளம் வெட்டி அதைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரே ஒரு வாத்து மட்டும் கூட வந்தது. நடக்க நடக்கத்தான் புத்தி வந்தது. பொட்டு நன்றாகக் காய்ந்திருந்தது. காய்ந்ததை விவரம் தெரிந்தவர்கள் பக்குவமாக உதிர்த்து எடுத்துவிடலாம். வண்ணம் பூசாத துணி, ஈரம் மட்டும் படக்கூடாது. முதலில் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வேக வேகமாகத் திரும்பினேன்.

கராஜ் கதவு திறந்திருந்தது. வசந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஈரக் காகிதத் துடைப்பான்கள், சிவப்புச் சிவப்பாக. குங்குமம் கரைந்து, அந்த வெறும் இடம் முழுவதும் ஊறி, ரோஜா நிறத்தில் ஓரம் வரை பரவியிருந்தது.

"நீ கோவப்பட்டியேன்னுதாண்ணா... தொடச்சா போயிடும்னு..." என்று விக்கினாள்.

அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தேன். யாருடைய ஓவியம் அது, அந்த இடத்தில் ஏன் அவர் ஒன்றும் வைக்கவில்லை என்று அப்போதுதான் சொன்னேன். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். முரளி போனை எடுத்துப் பெயரைத் தேடினார். தேடியவர் முகம் மாறியது. "மச்சான், இது ஒரிஜினலா?" என்றார், குரலைத் தாழ்த்தி. இத்தனை நாள் அரிசி மூட்டையோடு கிடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, போன் சொன்னதும் ஒரிஜினலாகிவிட்டது. எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. "வாய மூடுங்க மாப்ள" என்றேன். மாப்பிள்ளையிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணா, ஹால்ல ஒரு அஞ்சு நிமிஷம் மாட்டி, தூரத்துலேர்ந்து போட்டோ எடுத்து ஆன்ட்டிக்கு அனுப்பிடலாம். செகப்பு தெரியாது."

"அந்த அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம்?"

என் போன் அடித்தது. மார்த்தா, வீடியோ காலில். எடுக்காதே என்று வசந்தி கையால் கெஞ்சினாள். நான் எடுத்தேன். வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லி, போனை ஓவியத்தின் பக்கம் திருப்பினேன்.

"அந்தச் சிவப்பு என்ன?" என்று மெல்லக் கேட்டது குரல். வசந்தி போனுக்கு முன்னால் வந்து, அழுதுகொண்டே ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் உழைக்கிற பொருளுக்கெல்லாம் வருடத்துக்கு ஒரு நாள் மரியாதை செய்து பொட்டு வைப்போம், அப்படித்தான் வைத்தேன், பிறகு துடைத்துக் கெடுத்தது நான்தான் என்றாள்.

"சிவப்பைப் பற்றிப் பிறகு கோபப்படுகிறேன். பின்னால் நிற்கிற அந்த வெள்ளைத் தொட்டி என்ன?"

வசந்தி போனுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் நகர்ந்து நின்றாள்.

"வசந்தி, அது வாட்டர் ஹீட்டர்தானே? படம் கராஜிலா இருக்கிறது?"

"ஆன்ட்டி..."

"என் மகனிடமிருந்து எதற்குப் பிடுங்கினேன்? அவனும் பூட்டித்தான் வைத்தான். உன் வீட்டில் சத்தம் இருக்கும், தாளிக்கிற வாசனை இருக்கும், நாலு பேர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்றுதானே கொடுத்தேன்? இத்தனை மாதம் அழகாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்றாயே!" அந்த மெலிந்த உடம்பிலிருந்து அப்படியொரு குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் கத்தியதெல்லாம் ஒன்றுமேயில்லை. போன் அணைந்துவிட்டது.

வசந்தி எழுந்தாள். முகம் கழுவவில்லை, ஒன்றுமில்லை. கராஜ் மூலையிலிருந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு நேராக ஹாலுக்குப் போனாள். ஏறி, குதிரைப் படத்தைக் கழற்றி முரளி கையில் கொடுத்தாள்.

"வசந்தி, வேணாம்மா. மார்ச்ல கம்பெனில ரிவ்யூ இருக்கு" என்றார் முரளி. பாவம், அவருக்கு நிஜமான பயம். குதிரைகளைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார்.

"வேல போனா இன்னொரு வேல தேடுங்க. போன தடவ தேடினது நீங்கதான், குதிர இல்ல" என்றாள்.

நானும் முரளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓவியத்தைக் கொண்டுவந்து மாட்டினோம். அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. வசந்தி மேஜையோடு சேர்த்து, சிவப்பும் தெரிகிற மாதிரி, கிட்டத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினாள். பிறகு இலை போட்டாள். மூன்று பேரும் அதற்கு எதிரே உட்கார்ந்து மீந்த வத்தக்குழம்பைச் சாப்பிட்டோம்.

மோருக்கு வரும்போது பதில் வந்தது. "இன்னும் கீழே. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பார்க்கிற உயரத்தில் மாட்டு." கை கழுவிய கையோடு மறுபடி ஆணி அடித்தோம், மறுபடி போட்டோ அனுப்பினோம். மறுநாள் காலையில் இன்னொன்று வந்தது. "உயரம் சரி. சிவப்பைப் பற்றி இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். பருப்புப் பொடி தீரப்போகிறது."

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று பெட்டி எடுக்கக் கராஜுக்குள் போனேன். வாட்டர் ஹீட்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் ஏழு குதிரைகளும் சுவரில் சாய்ந்து நின்றன. அடுத்த ஆயுத பூஜைக்கு வசந்தி அவற்றுக்குப் பொட்டு வைப்பாள். ஏழுக்கும் தாராளமாக வைக்கட்டும், ஈரத் துணியால் துடைக்கவும் துடைக்கட்டும். நான் ஒரு வார்த்தை கத்த மாட்டேன்.